கனடா கீழே, ரஷ்யா மேலே… இந்த கிராஃபை நம்பி அப்பாவோட 14 லட்சத்தைப் போடலாமா?

நம்ம சேனல்ல போன வாரம் போட்ட வீடியோவில் 12 நிமிஷத்துக்குள்ள சொல்ல முடியாத கணக்கெல்லாம் இந்தக் கட்டுரையில் இருக்கு. ஒரு பேனாவும் தாளும் எடுத்து வச்சுக்கிட்டுப் படிங்க.

அருப்புக்கோட்டையில் இருக்கிற என் ஆபீஸுக்கு ஒரு நாள் சாயங்காலம் அப்பாவும் மகனும் வந்தாங்க. திருச்சுழி பக்கம் ஒரு கிராமம். அப்பா முப்பது வருஷத்துக்கு மேல நூற்பாலையில் வேலை பார்த்து 60 வயசுல ஓய்வு பெற்றவர். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து கையில் 14 லட்சம். மகனுக்கு 27 வயசு. டிப்ளமோ முடிச்சிட்டு தூத்துக்குடியில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட்கிட்ட ரெண்டு வருஷம் வேலை பார்த்திருக்கான்.

தம்பி போனை நீட்டினான். திரையில் ஒரு கிராஃப். ரெண்டு கோடு. சிவப்புக் கோடு கனடா, இறங்கிக்கிட்டே வருது. நீலக் கோடு ரஷ்யா, ஏறிக்கிட்டே போகுது. மேலே "சாஃப்ட்வுட் ஏற்றுமதி" என்று தலைப்பு.

"அண்ணே, கனடா கதை முடிஞ்சு போச்சு. இனிமே ரஷ்யாதான். மேற்கத்திய நாடுகள் ரஷ்ய மரத்தை வாங்க மாட்டேங்குது. அதனால விலை மலிவு. பைன் கட்டையைத் தூத்துக்குடியில இறக்கி, மதுரை வரைக்கும் பேக்கிங் பெட்டி, பேலட் செய்றவங்களுக்குக் கொடுத்தா போதும். கொட்டேஷனே வந்துருச்சுண்ணே."

அப்பா ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு, "தம்பி, நீங்க சொன்னா சரிதான். இது போச்சுன்னா எனக்கு வேற இல்ல" என்றார்.

இந்த மாதிரி பாரத்தை என் மேசையில் வச்சிட்டா அவசரப்பட்டு பதில் சொல்ல முடியாது. அன்னைக்கு ராத்திரி அந்த கிராஃபைத் தனியா உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டைப் பார்க்கும்போது நாங்க கேட்கிற அதே ஐந்து கேள்விகளை அதுகிட்டயும் கேட்டேன். அந்தக் கேள்விகள்தான் இந்தக் கட்டுரை. மரம் வாங்கப் போறவங்களுக்கு மட்டும் இல்ல, எந்த நாட்டின் எந்தப் பொருளின் ஏற்றுமதி கிராஃபைப் பார்த்துப் பணம் போடுறவங்களுக்கும் இது பயன்படும்.

முதல்ல, சாஃப்ட்வுட்னா என்ன?

பலர் நினைக்கிற மாதிரி மெத்துனு இருக்கிற மரம் எல்லாம் சாஃப்ட்வுட் இல்லைங்க. ஊசி இலை உள்ள, கூம்பு காய்க்கிற மரங்கள்தான் சாஃப்ட்வுட், தமிழில் மென்மரம். பைன், ஸ்ப்ரூஸ், ஃபர், ஹெம்லாக் எல்லாம் இந்தக் குடும்பம். அகன்ற இலை மரங்கள் ஹார்ட்வுட், அதாவது வன்மரம். தேக்கு, வேம்பு, நம்ம கண்மாய் முழுக்க மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலம் எல்லாம் வன்மரக் கணக்கில்தான் வரும். விமான பொம்மை செய்யப் பயன்படுத்துற பால்சா மரம் பஞ்சு மாதிரி இருக்கும், ஆனால் அதுவும் வன்மரம்தான்!

சுங்கத்துறை கணக்கில் மரம் எல்லாமே 44-ஆவது அத்தியாயம். அதில் 4402 மரக்கரி. நம்ம திருச்சுழி பக்கம் மூட்டம் போட்டு எடுக்கிற கருவேலங்கரி அங்கேதான் வரும். 4403 உருட்டுக்கட்டை. 4407 அறுத்த மரம், அதாவது பலகை, சட்டம். இந்த ரெண்டு எண்களையும் ஞாபகம் வச்சுக்கோங்க. முதல் கேள்விக்கே இவைதான் பதில்.

கேள்வி 1: எதை எண்ணியிருக்காங்க?

"ரஷ்யாவின் மர ஏற்றுமதி கூடுதா, குறையுதா?" என்று கேட்டால் ரெண்டு பதிலுமே சரி.

2006-ல் ரஷ்யா சுமார் 5 கோடி கன மீட்டர் உருட்டுக்கட்டையை வெளிநாடுகளுக்கு அனுப்பியது. அப்போ உலகத்தில் அதுதான் முதலிடம். "நம்ம காட்டு மரத்தை அவன் வாங்கி, அறுத்து, லாபம் பார்க்கிறான். அந்த வேலை நம்ம ஊரிலேயே நடக்கட்டும்" என்று ரஷ்ய அரசு முடிவு பண்ணியது. உருட்டுக்கட்டை ஏற்றுமதி வரியை 2007-ல் 20 சதவீதமாகவும், 2008 ஏப்ரலில் 25 சதவீதமாகவும் ஏற்றியது. அடுத்து 80 சதவீதம் என்று அறிவித்து, பிறகு அதைத் தள்ளிப்போட்டது. கூடவே உலகப் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்தது. மூணே வருஷத்தில் உருட்டுக்கட்டை ஏற்றுமதி பாதிக்கும் கீழே போனது.

கடைசியில் 2022 ஜனவரி 1 முதல் மென்மர உருட்டுக்கட்டை ஏற்றுமதியையே கிட்டத்தட்ட மூடிவிட்டது. ஒன்றிரண்டு ரயில் எல்லைச் சாவடிகளுக்கு மட்டும்தான் விதிவிலக்கு.

அதே காலத்தில் அறுத்த மரத்தின் ஏற்றுமதி என்ன ஆச்சு? ஏறியது. சீனா வாங்கியது, மத்திய ஆசிய நாடுகள் வாங்கின. 4403 கிராஃபில் ரஷ்யா தரைமட்டம், 4407 கிராஃபில் ரஷ்யா ராஜா. நாடும் காடும் அதேதான், எண்ணிய பொருள்தான் வேற.

தம்பி காட்டின கிராஃப் அறுத்த மரத்துடையது. அவன் வாங்க நினைச்சது உருட்டுக்கட்டை. இந்த இடத்தில் ஒரு குறி போட்டு வைங்க, பின்னால் இதுக்குத் திரும்ப வருவேன்.

கேள்வி 2: எந்த வருஷத்தில் ஆரம்பிச்சிருக்காங்க?

மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தில் "கடந்த 3 ஆண்டுகளில்" என்று போடுவாங்க பார்த்திருக்கீங்களா? அதுக்கு முந்தின வருஷம் சந்தை பாதாளத்தில் இருந்திருக்கும். தொடக்க வருஷத்தைச் சரியா பொறுக்கி எடுத்தால் எந்தக் கோட்டையும் ஏறுகிற மாதிரியோ இறங்குகிற மாதிரியோ காட்டலாம்.

தம்பியின் கிராஃபில் கனடா கோடு 2005-ல் ஆரம்பிக்குது. 2005 எப்படிப்பட்ட வருஷம்? அமெரிக்காவில் வீடு கட்டும் வெறி உச்சத்தில் இருந்த வருஷம். அந்த ஒரே வருஷத்தில் அங்கே 20 லட்சத்துக்கும் மேல் புது வீடுகள் கட்ட ஆரம்பிச்சாங்க. அங்கே வீடு என்றால் பெரும்பாலும் மரச்சட்டம்தான். அந்த மரத்தில் மூணில் ஒரு பங்கு கனடாவில் இருந்து போனது.

இன்னொரு விஷயமும் அப்போ நடந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1990-களின் கடைசியில் இருந்து ஒரு சின்ன வண்டு பைன் காட்டைத் தின்ன ஆரம்பிச்சது. அரிசி மணி அளவுதான் இருக்கும். சுமார் 1.8 கோடி ஹெக்டேர் காட்டை அது தொட்டது. அந்த மாகாணத்தில் வெட்டக்கூடிய பைனில் பாதிக்கு மேல் செத்துப்போனது. செத்த மரம் வெடிச்சு வீணாகிறதுக்குள்ள வெட்டி விற்கணும் என்று அரசு வெட்டு அளவைக் கூட்டிக் கொடுத்தது. அதனால் 2005 உயரம் உண்மையான உயரம் இல்லை. நம்ம பக்கம் மழை பொய்த்த வருஷம் தீவனம் இல்லாமல் ஆடு மாட்டை அவசரமா விற்போமே, அந்த வருஷம் சந்தைக்கு வந்த மாடுகளை எண்ணி "கால்நடை வளர்ச்சி அபாரம்" என்று யாராவது எழுதினால் எப்படி இருக்கும்?

பிறகு 2009-ல் அமெரிக்காவில் புதுசா ஆரம்பிச்ச வீடுகள் 5.54 லட்சம் மட்டும். நாலே வருஷத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. கனடா கோடு சரிந்ததில் ஆச்சரியம் இல்லை. கொஞ்ச நாள் சீனாவுக்கு விற்றுச் சமாளிச்சாங்க. வண்டு தின்ற காடு திரும்ப வளர ஐம்பது, அறுபது வருஷம் ஆகும். அதனால் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அறுவை மில்கள் ஒண்ணு ஒண்ணா மூடப்பட்டன.

ஆக, சரிவு உண்மைதான். ஆனால் கிராஃபில் தெரியும் ஆழத்தில் ஒரு பகுதி, தொடக்க வருஷத்தைப் பொறுக்கினதால் வந்தது.

கேள்வி 3: பணத்தில் அளந்ததா, கன மீட்டரில் அளந்ததா?

அமெரிக்காவில் மரத்துக்கு ஃபியூச்சர்ஸ் சந்தை உண்டு. கொரோனா வந்தப்போ வீட்டிலேயே அடைஞ்சு கிடந்தவங்க வீட்டை இழுத்துக் கட்ட ஆரம்பிச்சாங்க, மில்கள் மூடிக் கிடந்தன. 2021 மே மாதம் 1,000 போர்டு அடி மரத்தின் விலை 1,600 டாலரைத் தாண்டியது. அதே வருஷம் ஆகஸ்டில் 500 டாலருக்கும் கீழே வந்தது. மூணே மாசம்!

2021-ன் கனடா ஏற்றுமதியை டாலரில் வரைஞ்சால் எவரெஸ்ட் மாதிரி நிற்கும். கன மீட்டரில் வரைஞ்சால் அப்படி ஒரு மலையே இருக்காது. டாலர் கிராஃபைப் பார்த்து 2021 மே மாசம் மரத்தில் இறங்கினவர் நிலைமையை நினைச்சுப் பாருங்க.

நமக்கு இதில் இன்னொரு அடுக்கும் இருக்கு, அது ரூபாய். 2008 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 40 ரூபாய். 2022 அக்டோபரில் 82-ஐத் தாண்டியது. 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. டாலரில் விலை ஒரு பைசா ஏறாவிட்டாலும் நம்ம கையில் இருந்து போகிற ரூபாய் ஏறிக்கிட்டேதான் இருக்கும்.

கேள்வி 4: கோட்டை வளைச்சது சந்தையா, சட்டமா?

கனடா மரத்துக்கும் அமெரிக்காவுக்கும் 1980-களில் இருந்தே சண்டை. "உங்க அரசு காட்டை மலிவா கொடுக்குது, அது மறைமுக மானியம்" என்பது அமெரிக்க மில்காரர்களின் வாதம். 1996-ல் ஒரு ஒப்பந்தம், 2001-ல் முடிந்தது. 2002-ல் சுமார் 27 சதவீத வரி. 2006-ல் மறுபடி ஒப்பந்தம், 2015 அக்டோபரில் காலாவதி. 2017-ல் திரும்ப சுமார் 20 சதவீத வரி. 2025 ஆகஸ்டில் அது சுமார் 35 சதவீதம் ஆனது. அக்டோபரில் தனியா இன்னொரு 10 சதவீதம் சேர்ந்து மொத்தம் சுமார் 45.

இப்போ முக்கியமான இடம். கனடா நாட்டின் ஏற்றுமதி குறைஞ்சதால் கனடா மரக் கம்பெனிகள் எல்லாம் நொடிஞ்சு போச்சா? இல்லைங்க. வெஸ்ட் ஃப்ரேசர், கான்ஃபோர், இன்டர்ஃபோர் மாதிரி பெரிய கம்பெனிகள் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலேயே மில்களை வாங்கிப் போட்டுக்கிட்டாங்க. அங்கே அறுக்கிற மரம் கனடா ஏற்றுமதிக் கணக்கில் வராது. நாட்டின் கோடு இறங்கும், கம்பெனி அங்கே உட்கார்ந்து விற்றுக்கிட்டு இருக்கும்.

இது எங்கேயோ நடக்கிற கதை என்று நினைக்காதீங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி நம்ம விருதுநகர் மாவட்டத்தின் தலையெழுத்தையே மாற்றியது இதே மாதிரி ஒரு வளைவுதான்.

தீப்பெட்டிக் கதையைச் சொல்றேன். அப்போ இந்தியாவுக்குத் தீப்பெட்டி வெளிநாட்டில் இருந்துதான் வரும். முக்கியமான ரெண்டு நாடுகள் ஸ்வீடனும் ஜப்பானும். முதல் உலகப்போர் வந்ததும் ஐரோப்பியக் கப்பல் போக்குவரத்து தடைப்பட்டது. ஸ்வீடன் கோடு விழுந்தது, ஜப்பான் கோடு எகிறியது. 1918-ல் அந்த கிராஃபைப் பார்த்திருந்தால் யாரும் "இனிமே ஜப்பான்தான்" என்றுதான் சொல்லியிருப்பாங்க.

1922-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு, வருமானத்துக்காக, ஒரு குரோஸ் தீப்பெட்டிக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் இறக்குமதி வரி போட்டது. பெட்டிக்கு 2 பைசான்னு வச்சுக்கோங்க, ஆனால் அது அந்தக் காலத்துப் பை. 12 பை சேர்ந்தால் ஓர் அணா. சின்னத் தொகை மாதிரி தெரியும். ஆனால் தீப்பெட்டி விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய சுவர். சில வருஷங்களில் ரெண்டு நாட்டுக் கோடும் சேர்ந்து படுத்துவிட்டது.

ஸ்வீடன் தோற்றதா? அந்த நாட்டுத் தீப்பெட்டிக் கம்பெனி சுவருக்கு உள்ளே வந்து உட்கார்ந்தது. 1923-ல் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, சுருக்கமா விம்கோ, ஆரம்பிச்சாங்க. சென்னை மெட்ரோவில் விம்கோ நகர் வரைக்கும் போயிருக்கீங்களா? அந்தப் பேர் அதில் இருந்து வந்ததுதான். அதே சுவரின் நிழலில்தான் சிவகாசியில் இருந்து பி.அய்ய நாடாரும் ஏ.சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்து இங்கே தீப்பெட்டி செய்ய ஆரம்பிச்சாங்க. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று மழை இல்லாத கரிசல் காட்டுக்கு ஒரு பிழைப்பு கிடைச்சது. ஏற்றுமதி கிராஃபில் பார்த்தால் அது ரெண்டு நாடுகளின் சரிவு மட்டும்தான். நம்ம ஊர் பிறந்தது அதில் தெரியவே தெரியாது.

ஒரு கணக்குத் தணிக்கையாளரா இந்தக் கதையின் வாலையும் சொல்லியே ஆகணும். அந்த ஸ்வீடன் கம்பெனியை நடத்தியவர் ஐவர் க்ரூகர். "தீக்குச்சி ராஜா" என்று உலகமே கொண்டாடியது. உலகம் முழுக்க அவர் கம்பெனிப் பங்குகளையும் பத்திரங்களையும் ஜனங்கள் வாங்கிக் குவிச்சாங்க. 1932 மார்ச்சில் பாரிஸில் அவர் இறந்த பிறகு கணக்கைத் திறந்து பார்த்தால், சொத்து என்று காட்டியதில் இத்தாலி அரசின் பேரில் போலியா அச்சடிச்ச பத்திரங்களும் இருந்தன! அமெரிக்காவில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளுக்குத் தணிக்கைக் கட்டாயம் வந்ததற்கு அந்த வீழ்ச்சியும் ஒரு காரணம். மேலே போகிற கோடு எல்லாம் உண்மையான பணம் இல்லை என்பதை எங்க தொழில் அங்கேதான் கற்றுக்கிட்டது.

கேள்வி 5: உங்க அளவும் அவங்க அளவும் ஒண்ணா?

இனிமேல்தான் தம்பியின் 14 லட்சம். கொட்டேஷனில் இருந்த எண்களை உதாரணத்துக்காக ரவுண்ட் பண்ணிச் சொல்றேன். இது சந்தை விலை இல்லை.

100 கன மீட்டர் உருட்டுக்கட்டை. தூத்துக்குடி வந்து சேரும் விலை கன மீட்டருக்கு 150 டாலர். மொத்தம் 15,000 டாலர். டாலர் 90 ரூபாய் என்றால் 13.5 லட்சம்.

தம்பி போட்ட கணக்கு: ஒரு கன மீட்டர் என்பது 35.31 கன அடி. 100 கன மீட்டர் என்றால் 3,531 கன அடி. 13.5 லட்சத்தை 3,531-ஆல் வகுத்தால் கன அடிக்கு 382 ரூபாய். அவன் விசாரிச்ச வரைக்கும் அறுத்த பைன் 600 ரூபாய்க்குப் போகுது. "கன அடிக்கு 218 ரூபாய் நிக்குதுண்ணே, மொத்தம் ஏழரை லட்சம்!"

இதில் ரெண்டு ஓட்டை.

ஒண்ணு, உருட்டுக்கட்டையை நம்ம கிடங்குகளில் கால் சுற்றளவு முறையில் அளக்கிற வழக்கம் இன்னும் இருக்கு. சுற்றளவை நாலால் வகுத்து, அதை வர்க்கப்படுத்தி, நீளத்தால் பெருக்குவாங்க. இதுக்கு ஹாப்பஸ் அளவு என்று பேர். இந்தக் கணக்கில் ஒரு கன மீட்டர் 27.74 கன அடிதான் வரும். 3,531 என்று நினைச்சது 2,774 ஆகிடும். கட்டையா விற்றால் அடக்கம் 382 இல்லை, சுமார் 487.

ரெண்டு, அறுத்தால் சேதாரம். மேல் பட்டை, மரத்தூள், வளைவு எல்லாம் போகும். 60 சதவீதம் பலகையா வருது என்று வச்சுக்கோங்க. 3,531-ல் 60 சதவீதம் 2,119 கன அடி. அடக்கம் கன அடிக்கு 637 ரூபாய். விற்பனை விலை 600. அறுவைக்கூலி, சுங்க வரி, துறைமுகச் செலவு, லாரி வாடகை எதுவும் இதில் இன்னும் சேரவில்லை. ஏழரை லட்சம் லாபம் என்று தெரிந்தது, உண்மையில் தொடக்கத்திலேயே நஷ்டம்.

அமெரிக்க விலையைப் படிக்கிறவங்களுக்கும் இதே மாதிரி ஒரு பள்ளம் உண்டு. அங்கே "ரெண்டுக்கு நாலு" என்று விற்கிற சட்டம், இழைச்சு முடிச்ச பிறகு ஒன்றரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம்தான். 1,000 போர்டு அடி என்றால் பேருக்கு 83 கன அடி, கையில் கிடைக்கிற மரம் சுமார் 55 கன அடி.

அப்புறம் பண ஓட்டம். மரத்துக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். இறக்குமதியில் அதை சரக்கு எடுக்கும்போதே கட்டணும். 13.5 லட்சத்துக்கு 2.43 லட்சம். சுங்க வரி சேர்ந்த மதிப்பின் மேல்தான் கணக்கு என்பதால் இன்னும் கூடும். அது உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் சரக்கு விற்ற பிறகுதான். 14 லட்சத்தில் 13.5 போய்விட்டால் இந்த 2.43-க்கு எங்கே போறது? நகையை வைக்கணும்.

இன்னொண்ணு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளில் பணம் தரணும் என்ற சட்டம் இருக்கு. ஆனால் வாங்கி விற்கிற வியாபாரிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. உத்யம் பதிவு இருந்தாலும் வியாபாரிக்கு அதனால் வங்கிக் கடன் முன்னுரிமை மட்டும்தான்.

புகையும் ஒரு செலவுதான்

வெளிநாட்டு மரம் பூச்சியோடு வந்துவிடக் கூடாது என்பதற்காக 2003-ஆம் ஆண்டின் தாவரத் தடைக்காப்பு ஆணை இருக்கு. கட்டைக்கு மீத்தைல் புரோமைடு புகையூட்டி, சான்றிதழோடு வரணும் என்பது வழக்கமான நிபந்தனை. அந்த வாயு ஓசோன் படலத்தைக் கெடுக்கும். நியூசிலாந்து 2023 ஜனவரி 1 முதல் கப்பல் அறைக்குள் அந்த வாயுவைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்டது. இந்தியாவுக்கு ரேடியேட்டா பைன் அனுப்பிக்கிட்டு இருந்த நாடு அது. அந்த வியாபாரத்துக்கு இது பெரிய தடையா வந்து நின்றது. உருகுவேயும் நமக்குப் பைன் கட்டை அனுப்புகிற நாடு. இந்த ரெண்டு நாடுகளின் கோடுகளை மட்டும் வச்சு "நியூசிலாந்தில் மரம் தீர்ந்துடுச்சு போல" என்று யாராவது முடிவு பண்ணினால் தப்பு. மரம் இருக்கு, புகை போடுற விதிதான் மாறிப்போச்சு.

இப்போ அந்தக் குறிக்கு வருவோம்

மறுநாள் தம்பியை வரச் சொல்லி கொட்டேஷனை மேசையில் விரிச்சேன். "ரஷ்யன் பைன் உருட்டுக்கட்டை. கப்பல் வழி. 30 சதவீதம் முன்பணம்." வாட்ஸ்அப்பில் வந்தது.

"தம்பி, ரஷ்யா 2022 ஜனவரியில் இருந்து பைன் உருட்டுக்கட்டையை வெளியே விடுறதே இல்ல. விதிவிலக்கும் ஒண்ணு ரெண்டு ரயில் சாவடிக்குத்தான். கப்பல்ல தூத்துக்குடிக்கு எப்படி வரும்?"

அவன் முகம் மாறிப்போச்சு. "அண்ணே… கிராஃப்ல ஏறிக்கிட்டுதானே இருக்கு?"

"ஏறுறது பலகை. இவன் விக்கிறேன்னு சொல்றது கட்டை."

2022-ல் போர் ஆரம்பிச்ச பிறகு பல ரஷ்ய வங்கிகளை ஸ்விஃப்ட் அமைப்பில் இருந்து நீக்கிட்டாங்க. அதனால் "எங்க வங்கியில் இப்போ சிக்கல், வேற நாட்டுக் கணக்குக்கு அனுப்புங்க" என்று சொன்னால் நம்பும்படியாகத்தான் இருக்கும். தம்பிக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தாங்க. மூன்றாவது நாட்டில், வேறொரு பேரில் ஒரு கணக்கு. அவங்க உண்மையிலேயே ஏமாற்றுக்காரங்கதானா என்று நான் நிரூபிக்கவில்லை, அது தேவையும் இல்லை. சட்டப்படி அனுப்ப முடியாத சரக்குக்கு, யாரென்று தெரியாத கணக்கில், நாலு லட்சத்துக்கு மேல் முன்பணம் கட்ட முடியாது. அவ்வளவுதான்.

அப்பா ரொம்ப நேரம் கழிச்சு ஒண்ணே ஒண்ணு கேட்டார். "அப்ப இவன் என்னதான் செய்யட்டும் தம்பி? மறுபடி ஷிப்பிங்ல பதினஞ்சாயிரத்துக்குப் போகணுமா?"

நியாயமான கேள்வி. "வேண்டாம்" என்று சொல்றது ஆலோசகருக்குச் சுலபம். 27 வயசுப் பையனுக்கு அது பதில் ஆகாது.

என்ன முடிவு எடுத்தாங்க?

14 லட்சத்தில் 12 லட்சம் அப்பா பேரில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டாச்சு. 8.2 சதவீத வட்டியில் மூணு மாசத்துக்கு ஒரு தடவை 24,600 ரூபாய் வரும். அது அப்பா அம்மாவின் சாப்பாடு, மருந்து. அதைத் தொடக் கூடாது.

மிச்சம் 2 லட்சம் தம்பியின் தொழிலுக்கு. இறக்குமதி இல்லை. தூத்துக்குடி கிடங்குகளில் வேற ஒருத்தர் இறக்கின, அறுத்த பைனைக் கொஞ்சம் கொஞ்சமா ரூபாயில் வாங்கி, பேலட் அடிச்சுக் கொடுக்கிறது. டாலர், புகை, கப்பல் எல்லா ரிஸ்க்கும் இறக்குமதியாளர் தலையில். விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அந்தக் கூடுதலை இன்சூரன்ஸ் பிரீமியம் மாதிரி நினைச்சுக்கச் சொன்னேன். பேலட் செய்தால் அவன் வியாபாரி இல்லை, உற்பத்தியாளர். உத்யம் பதிவோட அந்த 45 நாள் பாதுகாப்பும் கிடைக்கும்.

வெளிநாட்டுக்குப் போகிற பேலட் என்றால் மரத்தின் உள்பகுதி 56 டிகிரி சூட்டில் 30 நிமிஷம் இருக்கிற மாதிரி சூடாக்கி, முத்திரை குத்தணும். அந்த வசதியும் அங்கீகாரமும் அவன்கிட்ட இல்லை. அதனால் இப்போதைக்கு உள்ளூர் மில்களுக்கும் சிவகாசி அச்சகங்களுக்கும் மட்டும் கேட்டுப் பார்க்கிறான். ஓடுமா, ஓடாதா? ஒரு வருஷம் கழிச்சு அவனுடைய லாப நஷ்டக் கணக்கை நான்தான் போடுவேன், அப்போ தெரியும். ஓடாவிட்டால் போறது 2 லட்சம். அப்பாவின் சோறு போகாது.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க

ரெண்டு நாடுகளின் ஏற்றுமதி கிராஃபை யாராவது காட்டினால்:

1. எந்தப் பொருள், எந்த எச்.எஸ். எண்? கட்டையா, பலகையா?
2. எந்த வருஷத்தில் ஆரம்பிக்குது? அந்த வருஷம் சாதாரண வருஷமா?
3. டாலரா, அளவா? விலை ஏறினதா, சரக்கு ஏறினதா?
4. வளைவு வந்த இடத்தில் வரி, தடை, போர், பூச்சி ஏதாவது இருக்கா? கம்பெனி இடம் மாறிப்போச்சா?
5. அந்த அலகு உங்க கடையில் விற்கிற அலகுதானா?

ஆறாவது ஒண்ணும் இருக்கு. அதை கிராஃப்கிட்ட கேட்க முடியாது, உங்களைத்தான் கேட்டுக்கணும்: இந்தப் பணம் போனால் யாருடைய சாப்பாடு போகும்?

இது பொதுவான விளக்கம் மட்டும்தான் நண்பர்களே. வரி விகிதமும் விதிகளும் மாறிக்கிட்டே இருக்கும். பணம் போடுறதுக்கு முன்னாடி உங்க ஆடிட்டர்கிட்ட அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கோங்க. அடுத்த வீடியோவில் 2 லட்சத்தில் ஆரம்பிக்கிற ஒரு சின்ன பேலட் பட்டறைக்கு முதல் வருஷக் கணக்குப் புத்தகம் எப்படி எழுதணும் என்று பார்ப்போம்.